கண்ணை மூடினால் கால் நிற்குமா?

பகலில் நன்றாக நடக்கும் பாட்டி, இராத்திரி கக்கூசுக்குப் போகும்போது ஏன் விழுகிறார்? நாம் நிற்கக் கண், உட்காது, பாத உணர்ச்சி மூன்றும் உதவுகின்றன. இனிப்பு நீரோ நெடுநாள் சம்சுவோ பாத நரம்பைக் கெடுத்தால், கண் சமாளிக்கும். இருட்டில் அதுவும் போச்சு!

1840-களில் ஜெர்மன் டாக்டர் ரோம்பெர்க் எழுதிவைத்த சோதனை இது. செருப்பைக் கழற்றி, பாதங்களை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். பிறகு அரை நிமிடம் கண்ணை மூடட்டும். நீங்கள் பக்கத்திலேயே, பிடிக்கத் தயாராக நில்லுங்கள்.

கண் மூடியதும் சாய்ந்தால், "வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள். காஜாங் ஆஸ்பத்திரியிலோ பக்கத்துக் கிளினிக்கிலோ காட்டி இரத்தம் சோதியுங்கள். அதுவரை இரவில் விளக்கு எரியட்டும். இடுப்பெலும்பு முறிந்தால் ஆகும் செலவைவிட விளக்குச் செலவு குறைவுதானே!