பனி பெய்வதில்லை

டோர்வலில் அக்டோபர் பிறந்துவிட்டால் காலையில் எனக்கு முதல் வேலை, காரின் முன்கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டுவது. ஒரு நாள் கவனித்தேன். முன்கண்ணாடி முழுக்க வெள்ளை. செங்குத்தான பக்கக் கண்ணாடிகளில் ஒன்றுமில்லை. மரத்தடியில் நின்ற பக்கத்து வீட்டுக் காரிலும் பனியில்லை. "பனி பெய்யுது, தலையை மூடிக்கோ" என்று ஊரில் பாட்டி சொல்வது சரிதான் போலும், மேலிருந்து விழுவதை மரம் தடுத்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் மரம் தடுத்தது கீழே வருவதை அல்ல, மேலே போவதை!

மேலே போவது வெப்பம். இதை 1814இல் தம் பனி பற்றிய கட்டுரையில் விளக்கியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். எல்லாப் பொருள்களும் வெப்பத்தைக் கதிர்களாக வீசுகின்றன. மரமும் மேகமும் அதற்கு ஈடாகத் தம் வெப்பத்தை வீசும். தெளிந்த வானம் சிறிதளவே திருப்பித் தரும். எனவே வானம் பார்த்த பரப்பு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. பனிநிலை வெப்பத்துக்குக் கீழே போனதும் காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது.

இந்த நீரைக் குடிக்கச் சேகரிக்கலாமா? கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டர் தகடு இரவில் சுமார் 70 வாட் வெப்பத்தை இழக்கிறது. 12 மணி நேரத்தில் 30 லட்சம் ஜூல். ஆவி ஒரு லிட்டர் நீராக மாறும்போது சுமார் 25 லட்சம் ஜூல் வெளிப்படும். அதையும் தகடுதான் வெளியேற்ற வேண்டும். ஆக, உச்ச வரம்பே லிட்டருக்குச் சற்று மேல். காற்று தகட்டைச் சூடாக்குவதால், நல்ல இரவில்கூட அரை லிட்டர் கிடைத்தால் பெரிது. காற்றில் எவ்வளவு ஈரமிருந்தாலும் இந்த வரம்பைத் தாண்ட முடியாது.

1912இல் கிரிமியாவில் சிபோல்டும், 1930 வாக்கில் தெற்குப் பிரான்சில் நாபெனும் கல்லைக் கொண்டு பனிநீர் தேட முயன்றார்கள். பெருங்கல் பகல் வெப்பத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். இரவில் எளிதில் குளிராது. தேவை இதற்கு நேர் எதிரானது: மெல்லிய தாள், அடியில் வெப்பம் ஏறாத காப்பு, துளி வழிந்தோட 30 டிகிரிச் சரிவு.

அப்படிச் செய்தவர் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் கிரிஜா சரண். குஜராத்தின் கட்ச் கடலோரத்தில் கோடையிலும் இரவுக் காற்றில் ஈரமுண்டு, மேகமில்லை. அங்கே பானந்த்ரோவில் பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் சேர்ந்து 850 சதுர மீட்டரில் அமைத்த சேகரிப்பான், 2007இல் ஏறத்தாழ 6,500 லிட்டர் பனிநீர் தந்தது. சிறந்த இரவில் 250 லிட்டர்.

சதுர மீட்டருக்கு ஆண்டில் எட்டு லிட்டருக்கும் குறைவு. வயலுக்கு உதவாது. ஆனால் கிணறு உப்பாகி, குடிநீர் லாரிக்குக் குடத்தோடு காத்திருக்கும் என் இராமநாதபுரத்து உறவினர்களை நினைத்தால், 50 சதுர மீட்டர் கூரையில் 380 லிட்டர் சிறிதாகத் தோன்றவில்லை. மழைநீருக்கு வைத்த அதே குழாயும் தொட்டியும் போதும். வெறும் கான்கிரீட் தளம் மட்டும் உதவாது; அதுவும் நாபெனின் கல்தான்.

முன்பனி, பின்பனி என்று ஆண்டில் நான்கு மாதங்களைப் பனிக்கு ஒதுக்கியவர்கள் நாம். அந்த மாதங்களில் ஒரு கூரையிலாவது தாள் விரித்து அளந்து பார்க்கலாமே?