டால்பினுக்கு உறுதி தருகிற படகு

புதுச்சேரிக்கு வார இறுதியில் வருகிறவர்களுக்குக் கடற்கரைச் சாலையும் பிரெஞ்சுத் தெருக்களும் மட்டும் இப்போது போதவில்லை. படகேறிக் கடலுக்குள் போய் டால்பின் பார்க்க வேண்டும், ஆலாக்கள் மீன் கூட்டத்தின் மேல் பாய்வதைப் படம் பிடிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நகரின் சாரம் பகுதியில் குடியிருக்கும் குடும்பங்களும் வெளியூர்ச் சொந்தம் வந்தால் இதைத்தான் விசாரிக்கின்றன. கையில் காசு இருப்பவர்கள் இலங்கையின் மிரிஸ்ஸவுக்கே போய் நீலத்திமிங்கலம் பார்த்து வருகிறார்கள். நல்ல ஆசைதான், கடலோர ஊர்க்காரர்கள் கடலுக்குள் வாழும் உயிர்களைப் பார்க்க விரும்புவதில் தவறே இல்லை. ஆனால் படகுக்காரரிடம் எல்லோரும் முதலில் கேட்பது, “கட்டாயம் தெரியுமா?” என்பதுதான். “கட்டாயம் காட்டுவோம்” என்று பதில் சொல்கிற படகில் ஏறக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்த உறுதிமொழிதான் பயணியையும் விலங்கையும் ஒருசேர ஆபத்தில் தள்ளுகிறது.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது அரசுக் கழகத்தின் படகு, புதிய படகும்கூட. கரையில் விலங்குகள் தென்பட்டதும் பயணிகள் எழுந்து ஒரே பக்கமாக நகர்ந்தார்கள், படகு சாய்ந்தது. கட்டுமானத்திலேயே குறை இருந்தது என்பது பின்னர் பேசப்பட்டது. அப்படியானால் நன்றாகக் கட்டிய படகில் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். 2015 அக்டோபர் 25 அன்று கனடாவின் டோஃபினோ கடற்கரைக்கு அப்பால், திமிங்கலம் காட்டும் தொழிலில் நெடுநாள் ஓடிய ‘லெவியதன் 2’ கவிழ்ந்தது. படகில் இருந்த 27 பேரில் 6 பேர் இறந்தார்கள். கடற்சிங்கங்களைப் பார்க்கப் பலரும் மேல்தளத்தில் ஒரு பக்கமாகக் கூடியிருந்த வேளையில் அலை ஒன்று வந்து மோதியது. ஆபத்துச் செய்தி அனுப்பக்கூட நேரம் இருக்கவில்லை. இரண்டு விபத்துகளுக்கும் இடையில் பாதி உலகத் தூரம். ஒன்று அமைதியான நீர்த்தேக்கம், மற்றது திறந்த பெருங்கடல். நடந்தது ஒன்றுதான். உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்து நின்றாலே படகின் பாரம் மேலேறுகிறது. நின்றவர்கள் ஒரு பக்கம் சேர்ந்தால் சிறிய அலையும் போதும். விலங்கு தெரியும் கணமே இந்தப் பயணத்தின் மிக ஆபத்தான கணம். அந்தக் கணத்தை எப்படியாவது வரவழைத்தே தீருவேன் என்கிறவர், அது வந்ததும் “யாரும் எழுந்திருக்காதீர்கள்” என்று கண்டிப்புக் காட்டுவாரா?

விலங்கின் பக்கமிருந்து பார்த்தாலும் கதை இதுவே. மிரிஸ்ஸவில் திமிங்கலச் சுற்றுலா வளர்ந்தபோது ஒரே திமிங்கலத்தைப் பல படகுகள் சூழ்ந்துகொள்ளும் நிலை வந்தது. இலங்கை அரசு 2012இல் விதிகள் கொண்டுவந்து, 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது என்றது. மூச்சுவிட மேலே வரும் உயிரைத் துரத்தினால் அது பாதி மூச்சோடு மூழ்குகிறது, குட்டி தாயைவிட்டுப் பிரிகிறது. நெருக்கம் மனிதருக்கும் நல்லதல்ல. 2022 செப்டம்பரில் நியூசிலாந்தின் கைக்கோராவுக்கு அருகே, கடற்பறவைகளைப் படமெடுக்கப் போனவர்களின் படகு அமைதியான கடலிலேயே கவிழ்ந்து 5 பேர் இறந்தார்கள். அடியிலிருந்து எழுந்த திமிங்கலம் மோதியிருக்கலாம் என்றே அன்றிலிருந்து கருதப்பட்டது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் டால்பினையும் திமிங்கலத்தையும் காக்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல; விரட்டுவதும், இரை காட்டி இழுப்பதும், அதற்கு முயல்வதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். டால்பின் கூட்டத்தைச் சுற்றி வளைத்து இன்ஜினை முறுக்குவது, பறவைகள் பக்கத்தில் வரட்டும் என்று சிப்ஸ் வீசுவது எல்லாம் விளையாட்டில்லை. பயணி படகுக்காரரை “இன்னும் கிட்டப் போங்கள்” என்று அவசரப்படுத்தினால் அந்தக் குற்றத்தில் அவருக்கும் பங்குண்டு.

காட்டியே தீர வேண்டும் என்ற நெருக்கடிக்குப் பக்கத்திலேயே இன்னொரு நெருக்கடி இருக்கிறது: ஒரே சவாரியில் இயன்றவரை சம்பாதிப்பது. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். 2014 குடியரசு நாளன்று அந்தமானில் அளவுமீறி ஆள் ஏற்றிய ‘அக்வா மரைன்’ மூழ்கி 21 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், மீன்பிடிப் படகை உருமாற்றிய உல்லாசப் படகு இருட்டும் வேளையில் கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட 22 பேரைக் கொண்டுபோனது. அளவுமீறிய கூட்டம், போடாத லைஃப் ஜாக்கெட், தகுதியற்ற படகு, பொழுது சாய்ந்த பிறகும் ஒரு சவாரி. இவற்றில் எதுவும் கடலின் குற்றமல்ல; எல்லாமே கரையில் நிற்கும்போதே கண்ணுக்குத் தெரிபவை. எனவே கேட்க வேண்டியதைக் கரையிலேயே கேட்டுவிட வேண்டும். பதிவு எண்ணும் ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையும் படகில் எழுதியிருக்கிறதா? பயணிகளை ஏற்றும் உரிமத்தைக் காட்டுவார்களா? குழந்தைக்கு அதன் அளவில் ஜாக்கெட் உண்டா? ஏறும் முன்பே எல்லோர் பெயரையும் எழுதி, அந்தப் பட்டியலைக் கரையில் ஒருவரிடம் விட்டுப் போகிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. விபத்து நடந்தால் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்பதே அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. புதுச்சேரிக்காரர்கள் சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் மணல் சேர்வது மீனவர்களின் நெடுநாள் முறையீடு; மணல் மேடான வாயில் அலை உடையும் இடம்தான் படகு தடுமாறும் இடம். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறதா, வடகிழக்குப் பருவமழைக் காலமா என்று பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம்; அந்த 61 நாளில் பயணிகளை ஏற்றிப் பிழைக்க நினைக்கும் மீனவரிடம் காகிதம் கேட்பது கொடுமை அல்லவா? அவரைவிடக் கடலை அறிந்தவர் யார்? கடலை அவர் அறிவார் என்பதில் சந்தேகமே இல்லை. டோஃபினோவில் தண்ணீரில் தத்தளித்தவர்களை முதலில் கண்டு தூக்கியவர்களும் அந்தக் கரையின் பழங்குடி மீனவர்கள்தாம். ஆனால் வலை எழுந்து நிற்காது, செல்ஃபி எடுக்க ஒரு பக்கம் ஓடாது. வலைக்கும் மீனுக்கும் கட்டிய படகில் நீந்தத் தெரியாத பதினைந்து பேரை ஏற்றுவது வேறு தொழில். விபத்தானால் மீன்பிடிக்கப் பதிவான அந்தப் படகின் காப்பீடும் கைகொடுப்பது சந்தேகம். குடும்பத்தோடு கடனில் மூழ்குவது அந்த மீனவர்தான். கடலறிவுள்ள மீனவர்களுக்குப் பயிற்சியும் முறையான உரிமமும் தகுந்த படகும் அரசு தர வேண்டும் என்று கேட்பதுதான் அவர்கள் பக்கம் நிற்பது. ‘இதையெல்லாம் அதிகாரிகளல்லவா பார்க்க வேண்டும்’ என்பது அடுத்த மறுப்பு. ஆம், அது அவர்கள் கடமை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இலேயே படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் தானூர் நடந்தது. காகிதத்தில் உள்ள விதி படகுத்துறைக்கு வந்து சேரும்வரை, ஏறுகிறவர் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது.

விபத்து நடந்தால்தான் புகார் தர முடியும் என்ற எண்ணம் தவறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவுப்படி, உயிருக்கு ஆபத்தாகும் நிலையிலுள்ள அல்லது அளவுமீறிய பாரமுள்ள படகில் கூலிக்கு ஆள் ஏற்றுவதே குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். யாரும் சாக வேண்டியதில்லை. அளவுமீறி ஏற்றுவதைக் கண்டால் கரையில் நின்றே 112 என்ற எண்ணையோ, கடலோரக் காவல்துறையின் 1093 என்ற எண்ணையோ அழைக்கலாம். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படையின் 1554.

பணம் கொடுத்துப் படகேறியவர் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர். ஜாக்கெட் தராதது, பாதி வழியில் திரும்பியது, சொன்ன படகு ஒன்று ஏற்றியது வேறொன்று, கவனக்குறைவால் காயம் எல்லாமே சேவைக் குறைபாடு. பில் கேட்டும் தர மறுப்பது முறையற்ற வணிகம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் வரம்பைத் தீர்மானிப்பது நாம் கேட்கும் இழப்பீடு அல்ல, செலுத்திய கட்டணம். ஆகவே சில நூறு ரூபாய் டிக்கெட்டுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய இழப்பு இருந்தாலும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. விழுப்புரத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்தவர் வழக்குக்காகப் புதுச்சேரிக்கு அலைய வேண்டாம்; தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். மிரிஸ்ஸப் பயணத்தை இங்குள்ள முகவர் வழியாகப் பதிவு செய்திருந்தால் அந்த முகவரை இங்கேயே கேள்வி கேட்கலாம். காலவரம்பு இரண்டு ஆண்டு. டிக்கெட்டோ ஜிபே ரசீதோ, விளம்பரத்தின் படமோ, படகின் எண் தெரியும் புகைப்படமோ இருந்தால் வழக்கு நிற்கும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டுப் பார்க்கலாம். வழக்கறிஞருக்கு வழியில்லாதவர்கள் 15100இல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்த உதவியில் வருமான வரம்பு இல்லை. ‘எது நடந்தாலும் என் பொறுப்பு’ என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்களே என்று பின்வாங்க வேண்டாம். நடத்துகிறவரின் அலட்சியத்துக்கு அந்தத் தாள் தானாகவே கவசமாகிவிடாது. விபத்துக்குப் பின் அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையை வாங்கிக்கொண்டதாலும் நஷ்டஈடு கேட்கும் உரிமை போய்விடாது.

டால்பின் தென்படவில்லை என்பதற்காகப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? “பார்க்கலாம், உறுதியில்லை” என்று சொல்லி அழைத்துப் போனவரிடம் முடியாது, கேட்பதும் அறமல்ல. அவர் நேர்மையானவர், அவர் படகில்தான் ஏற வேண்டும். “நூறு சதவீதம் உறுதி” என்று விளம்பரம் செய்தவரிடம் தாராளமாகக் கேட்கலாம். அது தவறான விளம்பரம். அதே நுகர்வோர் சட்டம் அதையும் தண்டிக்கிறது.