கம்பியில்லா வலையமைப்பும் விழிப்புணர்வுக் கலையும்

ரேடியோ அலைகளின் வழியே கருவிகளை இணைக்கும் ஏற்பாடு கம்பியில்லா வலையமைப்பு எனப்படும். வைஃபை, கைபேசிச் சேவை ஆகியவை இதன் வகைகள். சாலை, குடிநீர்க் குழாய், மின்கம்பம் முதலிய வசதிகள் கண்ணில் படுபவை. குழாய் உடைந்தால் ஊரார் சென்று முறையிடுவார்கள். ரேடியோ அலை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அது எதுவரை எட்டுகிறது, எந்தத் தெரு விடுபட்டுள்ளது, யார் பொறுப்பில் இருக்கிறது என்று பெரும்பாலோர் கேட்பதில்லை. நகரங்களில் சில கலைஞர்கள் இந்த அலைகளைக் காணவும் கேட்கவும் செய்துள்ளனர். புதுச்சேரியின் ஊர்ப்புறங்களில் அதே பணியை ஒலிபெருக்கி செய்தது.

ஒளியால் காட்டுதல்

2011ஆம் ஆண்டு நார்வேயின் ஆஸ்லோ நகரில் டிமோ ஆர்னல், யோர்ன் க்னுட்சன், ஐனார் ஸ்னேவே மார்ட்டினுசன் ஆகிய மூவர் 'இம்மெட்டீரியல்ஸ்: லைட் பெயின்டிங் வைஃபை' என்னும் படைப்பை உருவாக்கினர். 4 மீட்டர் உயரமுள்ள கோல் ஒன்றில் 80 விளக்குகளைப் பொருத்தினர். வைஃபை அலையின் வலிமை கூடக் கூட அதிக விளக்குகள் எரியும். குறைந்தால் விளக்குகளும் குறையும். இரவில் ஒருவர் இக்கோலை ஏந்தித் தெருவில் நடப்பார். கேமராவின் கண் நெடுநேரம் திறந்திருக்கும். கோலின் ஒளி, ஏறி இறங்கும் மதிலைப் போலப் படத்தில் பதியும். வீட்டுக்குள் இருக்கும் வைஃபை தெருவிலும் பரவியிருப்பதை இப்படங்கள் காட்டின.

படத்தில் தெரியும் ஒளி அலையின் நிறமோ உருவமோ அன்று. அந்தந்த இடத்தில் அளந்த வலிமையே ஒளியாகக் காட்டப்படுகிறது.

ஒலியால் உணர்த்துதல்

ஜெர்மானியக் கலைஞர் கிறிஸ்டினா குபிஷ் 2004 முதல் 'எலக்ட்ரிக்கல் வாக்ஸ்' என்னும் நடைகளை நடத்தி வருகிறார். இதற்கான ஹெட்போனில் உள்ள கம்பிச்சுருள்கள் மின்காந்தப் புலங்களை ஒலியாக மாற்றும். அதை அணிந்து நடப்பவர் ஏடிஎம் இயந்திரம், கடைவாசல் பாதுகாப்புக் கருவி ஆகியவற்றின் இரைச்சலைக் கேட்கலாம்.

வில்லியனூர் அனுபவம்

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியுடன், 1998இல் புதுச்சேரியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூர் இதன் மையம். இங்கே தொலைபேசி வழியாக இணையத்திலிருந்து பெற்ற செய்திகள், வி.எச்.எஃப். ரேடியோக் கருவிகள் மூலம் ஊர்களின் அறிவு மையங்களுக்கு அனுப்பப்பட்டன. இவ்வகை அலையின் நீளம் 1 முதல் 10 மீட்டர். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். வீட்டு வைஃபை பெட்டியின் திறன் குறைவு. சுவர்களைக் கடக்கும்போது அதன் அலை வலுவிழக்கும். உயரமான ஆன்டெனாவுடன் கூடிய வி.எச்.எஃப். கருவியோ வயல்வெளிகளைக் கடந்து ஊர்களை இணைத்தது.

அறிவு மையம் எல்லாச் சாதியினருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது திட்டத்தின் நிபந்தனை. எம்பலத்தில் மையம் கோயில் வளாகத்திலேயே அமைந்தது. தன்னார்வலர்களில் பெண்கள் மிகுதி. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டு, தமிழில் ஒலிபெருக்கி வழியே சொல்லப்பட்டது. கணினியைத் தொட்டிராதவருக்கும் வலையமைப்பின் பயன் இவ்வாறு தெரிந்தது.

26 டிசம்பர் 2004 அன்று சுனாமி வந்தபோது, சுமார் 3,600 பேர் வாழ்ந்த நல்லவாடு ஊருக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை கொடுத்தார். அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. மக்கள் கரையை விட்டு ஓடி உயிர் தப்பினர். எச்சரிக்கை வந்தது சாதாரணத் தொலைபேசியில்தான். ஆனால் அதை ஊர் முழுவதற்கும் எப்படிச் சொல்வது என்று அன்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. மையம் எங்கே இருக்கிறது, அது என்ன செய்யும் என்பது முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தது. விழிப்புணர்வின் பயன் இதுவே.

பள்ளியில் செய்து பார்க்க

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் பள்ளிகளில் ஆஸ்லோ முறையைக் கோலப்பொடி கொண்டே செய்யலாம். அலை வலிமையை டிபிஎம் அளவில் காட்டும் இலவசச் செயலிகள் கைபேசிக்குக் கிடைக்கின்றன.

1. பள்ளியின் வைஃபை பெட்டியிலிருந்து தெருவை நோக்கி நடந்து, 5 அடி வைப்புக்கு ஒருமுறை அளவைக் குறிக்கவும்.
2. −50 அல்லது அதைவிட வலுவான அலை எனில் அவ்விடத்தில் 5 புள்ளிகள் இடவும். −60க்கு 4, −70க்கு 3, −80க்கு 2, −90க்கு 1 புள்ளி.
3. அலை இல்லாத இடத்தை வெறுமையாக விடவும்.

புள்ளிகள் எங்கே குறைகின்றன, குறுக்கே சுவர் உள்ளதா, எந்த வகுப்பறை விடுபட்டது என்று மாணவர்கள் பேசலாம். புள்ளிகள் மதில் தாண்டி வெளியேயும் இருந்தால், வைஃபைக்கு வலுவான கடவுச்சொல் ஏன் தேவை என்பதும் அப்போது விளங்கும்.