பம்ப் மேல் பழி

சென்னையிலிருந்து திருத்தணி வரை நெடுஞ்சாலையில் ஒரு குறையும் இல்லாமல் வந்த பழைய ஜிப்சி ஒன்று, முருகன் கோயில் மலைப்பாதையில் ஏறத் தொடங்கியதும் இழுக்க மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் வெட்டி வெட்டிப் போகிறது. காலைக் கொஞ்சம் எடுத்தால் சரியாகிவிடுகிறது. சமீபத்தில்தான் அதில் எஸ்டீம் கார் எஞ்சினை ஏற்றியிருக்கிறார்கள். "ஏத்தத்துல பிக்கப்பே இல்லண்ணே" என்கிறார் ஓட்டுபவர். "பம்ப் போயிடுச்சு, புதுசு போட்டுடலாம்" என்கிறார் மெக்கானிக். புதுப் பம்ப் போட்ட பிறகும் அதே வளைவில் அதே திணறல். எஞ்சின் மாற்றிய வண்டிகளில் இது வாடிக்கையான கதை. பழி பம்ப் மேல் விழுகிறது. குற்றவாளி பெரும்பாலும் அதற்குப் போகும் வயர்.

ஜிப்சிக்கு எஸ்டீம் எஞ்சின் என்ற ஜோடி தற்செயலாக அமைந்ததல்ல. 1985-ல் 970 சிசி எஞ்சினோடு வந்த மாருதி ஜிப்சி, 1996-ல் 1298 சிசி ஜிப்சி கிங் ஆனது. அப்போதும் கார்புரேட்டர்தான், 60 குதிரைத்திறன்தான். 2000-ல் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ வந்த பிறகு அதே 1298 சிசி 80 குதிரைத்திறன் கொடுத்தது. எஸ்டீமில் இருந்ததும் இதே ஜி13 குடும்பத்து எஞ்சின் என்பதால், பழைய கார்புரேட்டர் ஜிப்சிக்காரர்கள் எஸ்டீமின் 16 வால்வு எஞ்சினைத் தேடிப் போனார்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் கிடைக்கும். போல்ட்டும் மவுண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஒத்துப்போகாதது மின்சாரம்.

எஞ்சின் மாற்றுவது பட்டறைகளின் குறும்பு மட்டுமல்ல. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே அம்பாசடரின் பழைய எஞ்சினுக்குப் பதில் இசுசு எஞ்சினைப் பொருத்தி 1990-களின் தொடக்கத்தில் விற்றது. திருத்தணி இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் அந்த நிறுவனம் 1998 முதல் மிட்சுபிஷி லான்சரையும் தயாரித்தது. தொழிற்சாலையில் புது எஞ்சினுக்குப் புது வயரிங் வரைந்து, அளந்து, இழுப்பார்கள். பட்டறைக்கு வரும் பழைய எஞ்சினோடு வருவதோ, கழற்றும் அவசரத்தில் கட்டிங் பிளேயரால் நறுக்கப்பட்ட வயர்க் கொத்து.

பெரும்பாலான கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் பம்புக்கு மின்சாரமே தேவையில்லை. எஞ்சினின் கேம் ஷாஃப்ட் தட்டத் தட்ட, ஒரு ரப்பர் சவ்வு மேலும் கீழும் போய் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். அழுத்தம் நான்கு பிஎஸ்ஐ அளவில் இருந்தால் போதும். எம்பிஎஃப்ஐ எஞ்சினில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பனித்தூவலாகப் பீய்ச்ச வேண்டும். அதற்குச் சுமார் 40 பிஎஸ்ஐ வேண்டும், கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைவிட அதிகம். அதனால் டேங்குக்குள்ளேயே மின்மோட்டார் வைத்த பம்ப் வந்து உட்கார்ந்தது. ஆனால் பழைய ஜிப்சியின் டேங்குக்கு டேஷ்போர்டிலிருந்து போவது எது? பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்கான மெல்லிய வயர். அதற்குச் சில நூறு மில்லி ஆம்பியர் போதும். அதன் பக்கத்திலேயே அதே பருமனில் இன்னொரு வயரை இழுத்து, இக்னிஷன் சுவிட்சில் முடிச்சுப் போட்டு, பம்பை ஓட்டிவிடுகிறார்கள். பம்பும் ஓடுகிறது. தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பம்ப் 5 ஆம்பியர் இழுக்கிறது என்போம். அரை சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் நான்கு மீட்டருக்கு 0.14 ஓம் தடை. வயதான இக்னிஷன் சுவிட்சின் தேய்ந்த முனைகளில் ஒரு 0.2 ஓம். டேங்க் பக்கத்துத் துருப்பிடித்த எர்த்தில் இன்னொரு 0.3 ஓம். மொத்தம் 0.64. ஓமின் விதிப்படி 5 ஆம்பியரை இதால் பெருக்கினால் 3.2 வோல்ட் வழியிலேயே காலி. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்தாலும் பம்புக்குப் போய்ச் சேர்வது 10.6 தான். சமதளத்தில் எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் குறைவு. சோனியான பம்பே சமாளித்துவிடும். மலை ஏற்றத்தில் திராட்டில் முழுக்கத் திறந்து, இன்ஜெக்டர்கள் நீண்ட நேரம் திறந்திருக்கும். அழுத்தம் விழுகிறது, கலவையில் காற்று மிஞ்சுகிறது, வண்டி வெட்டுகிறது. சித்திரை வெயிலில் இன்னும் மோசம்: சூடு ஒரு டிகிரி ஏறினால் செம்பின் தடை சுமார் 0.4 சதவீதம் ஏறும். சைலன்சர் பக்கமாகப் போகும் வயர் 50 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் தடை ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த 0.3 ஓம் எர்த் மூட்டில் மட்டும் ஏழரை வாட் வெப்பம் வெளியாகிறது. விரல்நுனி அளவுள்ள இடத்தில் அது கொஞ்சமல்ல. பிளாஸ்டிக் கப்ளர் உருகிக் கருகியிருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்குக் காரணம், சோதிக்கும் முறை. கப்ளரைக் கழற்றி, மீட்டரை வைத்து, "பன்னெண்டரை வருது, லைன் ஓகே" என்று சொல்லிவிடுகிறார்கள். டிஜிட்டல் மீட்டர் வழியே ஓடுவது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் துளி மின்னோட்டத்துக்கு 0.64 ஓம் ஒரு தடையே இல்லை. திருத்தணியின் 365 படிகளில் ஓரிடத்தில் பாதை குறுகியிருந்தால், சாதாரண நாளில் ஏறும் ஒற்றை ஆளுக்கு அது தெரியாது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்குத்தான் தெரியும். ஆகவே பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை பம்பின் பாசிட்டிவ் வயரில். இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் காட்டுகிறதோ அவ்வளவும் வழியில் தொலைந்தது. அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பிறகு பேட்டரி நெகட்டிவுக்கும் பம்பின் எர்த்துக்கும் இதையே செய்ய வேண்டும். எர்த் பக்கத்தைப் பலர் தொடுவதே இல்லை. பெயின்ட் அடித்த பாடியில் ஒரு திருகை முறுக்கிவிட்டு எர்த் என்று நம்புவது நம் பட்டறைகளின் தேசிய வழக்கம்.

தீர்வு அத்தனை செலவானதும் இல்லை. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக நேராக இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர். நான்கு மீட்டருக்கு அதில் தொலைவது 0.14 வோல்ட்தான். நடுவே ஒரு ரிலே. அதன் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 30-க்குப் பேட்டரி, 87-லிருந்து பம்புக்கு. 85-ம் 86-ம் உள்ளிருக்கும் காயிலின் இரு முனைகள். காயில் கால் ஆம்பியர்கூட இழுக்காது என்பதால் அதற்கு மெல்லிய வயர் போதும்.

அந்தக் காயிலை யார் இயக்குகிறார்கள் என்பதில்தான் எனக்கு மெக்கானிக்குகளோடு சண்டை. கம்பெனி வயரிங்கில் அந்த வேலை எஞ்சினின் கணினியான ஈசியூவினுடையது. சாவியைப் போட்டதும் ஈசியூ இரண்டு மூன்று விநாடி பம்பை ஓட்டி, குழாயில் அழுத்தம் ஏற்றி, நிறுத்திவிடும். செல்ஃப் அடித்து, கிராங்க் சென்சாரிலிருந்தோ கேம் சென்சாரிலிருந்தோ எஞ்சின் சுற்றுகிறது என்ற சிக்னல் வந்தால்தான் மறுபடி ஓட்டும். எஞ்சின் மாற்றும்போது அந்த சென்சாரின் வயர் அறுந்திருந்தாலோ, ஈசியூவுக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலே இணைக்கப்படாமல் இருந்தாலோ பம்ப் ஓடாது. இம்மொபிலைசர் உள்ள ஈசியூவை அதன் சாவியில்லாமல் வாங்கி வந்திருந்தால், பம்ப் ஓடினாலும் வண்டி கிளம்பாமல் போகலாம். இதையெல்லாம் தேடாமல், "ரெண்டு செகண்டுல நின்னுடுது, ரிலே வீக்" என்று தீர்ப்பு எழுதி, இக்னிஷனிலிருந்து டைரக்ட் கொடுத்துவிடுகிறார்கள்.

டைரக்ட் கொடுத்த வண்டி நன்றாகவே ஓடும், மோதும் வரை. மோதி எஞ்சின் நின்றால் ஈசியூ பம்பை நிறுத்திவிடும். டைரக்ட் வயருக்கு அந்தப் புத்தி கிடையாது. சாவி ஆனில் இருக்கும்வரை, உடைந்த குழாய் வழியே பெட்ரோல் சூடான எஞ்சின் மேல் கொட்டிக்கொண்டே இருக்கும். பெட்ரோலுக்குள் மின்மோட்டார் சுழல்வதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அங்கே ஆபத்து குறைவு. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். டேங்குக்குள் பொதுவாக அதைவிட அதிக ஆவி. பானட்டுக்குள் அப்படியில்லை.

இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு. பம்பின் பிளஸ், மைனஸ் மாறிப்போனால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். டேங்கில் காது வைத்தால் "ஓடுது"தான், அழுத்தம் வராது. பம்பும் பெட்ரோல் அளவு காட்டும் மிதவையும் ஒரே கப்ளரில் இருக்கும் வண்டிகளில், நிறம் பார்த்து வயர் சேர்த்தால் இது எளிதில் நடக்கும். சத்தத்தை நம்பாமல் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்ப்பதே வழி.

காகித வேலையும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவின்படி எஞ்சினை மாற்றப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், ஆர்சியில் எஞ்சின் எண் மாற வேண்டும். உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொன்னது. ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி, புத்தூர் போனாலும் இதே மத்தியச் சட்டம்தான். அந்தப் பக்கத்துப் பட்டறைகளிலும் இதே டைரக்ட் வயர் இருக்கக்கூடும்.

எஞ்சின் மாற்றிய எம்பிஎஃப்ஐ வண்டி ஒன்றை விலைக்குப் பார்க்கப் போகிறவர்கள், செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலையில் மட்டும் வைத்துவிட்டு, பின்பக்கம் போய் டேங்க் அருகே காது கொடுக்கலாம். இரண்டு மூன்று விநாடி முனகிவிட்டு நின்றால் ஈசியூவின் வேலை நடக்கிறது. ஒரு நிமிடம் கழித்தும் முனகல் நிற்கவில்லையென்றால், யாரோ டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள். வயரிங்கைச் சரிசெய்யும் கூலியைக் கழித்துக்கொண்டு விலை பேசலாம்.