புள்ளி மறைந்தாலும் நோய் போகவில்லை

மீனின் துடுப்பில் உப்பைத் தூவியதுபோல் சில வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மூன்று நான்கு நாளில் அவை தாமாகவே காணாமல் போகும். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் கடல்மீன் தொட்டி வைத்திருப்போர் கவலைப்பட வேண்டிய நேரமே அதுதான்.

கடல்மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குக் காரணம் ‘கிரிப்டோகேரியன் இரிட்டன்ஸ்’ என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. 1951ல் இதற்கு இந்தப் பெயர் வைக்கப்பட்டது. கூண்டுகளில் கொடுவாவும் கலவாவும் வளர்க்கும் கடற்பண்ணைகளையும் இது விட்டுவைப்பதில்லை. நன்னீர் மீன்களுக்கும் வெண்புள்ளி நோய் உண்டு. பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அது வேறு ஒட்டுண்ணி. அதற்கான வைத்தியம் இங்கே உதவாது.

நான் பல ஆண்டுகளாகக் கடல்மீன் வளர்ப்பவன். சென்ற ஆண்டு செப்டம்பரில் செங்காங்கில் இருக்கும் அக்கா வீட்டுத் தொட்டியில் இந்த நோய் வந்தபோது, என்ன செய்யலாம் என்று அத்தான் என்னிடம் கேட்டார். 200 லிட்டர் தொட்டி. இரண்டு கோமாளி மீன்கள், இரண்டு பச்சைக் குரோமிஸ், இரண்டு வாரத்துக்கு முன் வாங்கிய ஒரு நீல டாங். கூடவே பவளங்கள், ஓர் இறால், சில துறவி நண்டுகள். நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு குரோமிஸ் இறந்துவிட்டது. டாங் இரை எடுப்பதை நிறுத்தியிருந்தது; பாறையில் உடம்பை உரசிக்கொண்டு, வேகமாக மூச்சு வாங்கியது. துடுப்பில் தெரியும் புள்ளிகளைவிடச் செவுளில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளே மீனைக் கொல்கின்றன.

நான்கு கட்ட வாழ்க்கை

இந்த ஒட்டுண்ணியின் வாழ்க்கையைப் புரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தமாதிரி.

முதல் கட்டத்தில் அது மீனின் மேல்தோலுக்குள் புகுந்து, அங்கேயே தின்று வளர்கிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் புள்ளி அதுதான். மூன்று முதல் ஏழு நாளில், பெரும்பாலும் இருட்டு நேரத்தில், மீனை விட்டுக் கீழே இறங்குகிறது. அடுத்துச் சில மணி நேரம் ஊர்ந்து திரிந்து மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொள்கிறது. பிறகு தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு உள்ளேயே பல்கிப் பெருகுகிறது. கடைசியில் ஓடு உடைந்து, ஒன்றிலிருந்து 200 குஞ்சுகள் வரைகூட வெளியே நீந்தி வருகின்றன. ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அவை மடிந்துவிடும்.

தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதை எட்டாது. ஓட்டுக்குள் இருக்கும்போதும் எட்டாது. வெளியே நீந்தும் அந்தச் சிறு இடைவெளியில் மட்டுமே அதைக் கொல்ல முடியும். எல்லா வைத்தியமும் அந்த இடைவெளிக்காகக் காத்திருப்பதுதான்.

புள்ளி மறைந்ததும் மீன் குணமாகிவிட்டதாகத் தோன்றுவது ஏன் என்பதும் இப்போது விளங்கும். ஒட்டுண்ணி சாகவில்லை, பெருகுவதற்காக மணலுக்கு இறங்கியிருக்கிறது. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே மீன்மேல் ஐந்து புள்ளிக்குப் பதில் ஐம்பது புள்ளி வரும்.

மருந்தை எங்கே ஊற்றுவது?

“மருந்தை நேராகத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டால் என்ன?” என்று அத்தான் கேட்டார். பலரும் கேட்கும் கேள்வி இது. இந்த நோய்க்கு நன்கு வேலை செய்யும் செம்பு மருந்து, பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். அதோடு பாறையும் மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்வதால் நீரில் மருந்தின் அளவும் நிலையாக இருக்காது. ஆகவே, மீன்களைத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

பாறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு நான்கு மீன்களையும் பிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அவற்றுக்கு 60 லிட்டரில் தனித்தொட்டி. மணல் இல்லை, பாறை இல்லை. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள சில பிவிசி குழாய்த் துண்டுகள், அவ்வளவுதான்.

சாதாரணச் செம்பு மருந்தில் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு நீரில் இருக்கவேண்டும். குறைந்தால் ஒட்டுண்ணி தப்பிக்கும். கூடினால் மீனுக்கே நஞ்சு. நீரில் நெடுநேரம் நிலைக்கும்படி தயாரித்த செம்பு மருந்துகளுக்கு அளவு வேறு. புட்டியில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும். எதுவாயினும் அதற்குரிய சோதனைப் பெட்டி இல்லாமல் செம்பைத் தொடக்கூடாது. அக்கா மகன் காலையும் மாலையும் நீரைச் சோதித்து ஒரு நோட்டில் எழுதிவைத்தான். மூன்று வாரமாவது அளவு குறையாமல் இருக்கவேண்டும். நாங்கள் 30 நாள் வைத்திருந்தோம்.

புதிய தொட்டியில் இன்னோர் ஆபத்து அம்மோனியா. நல்ல பாக்டீரியா வளராத ஃபில்டரால் கழிவைச் சமாளிக்க முடியாது. தினமும் அம்மோனியாவைச் சோதித்து, தேவைப்படும்போது அதே அளவு மருந்து கலந்த புதுக் கடல்நீரை மாற்றினோம். அம்மோனியாவை நீக்கும் திரவங்களைச் சேர்க்கவில்லை. அவற்றில் சில, செம்பின் நச்சுத்தன்மையைக் கூட்டிவிடும். கரித்தூளும் போடவில்லை, அது மருந்தை உறிஞ்சிவிடும். மாற்றிய நீரைக் கழிவறையில்தான் ஊற்றினோம். வெளிக் கால்வாயில் ஊற்றினால் அது நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போய்ச்சேரும்.

செம்பு வேண்டாம் என்போருக்கு வேறு இரு வழிகள் உண்டு. ஒன்று, தனித்தொட்டியில் உப்பைப் படிப்படியாகக் குறைத்து, நீரின் ஒப்படர்த்தியை 1.009க்குக் கொண்டுவந்து சில வாரம் அங்கேயே நிறுத்துவது. மற்றொன்று, மூன்று நாளுக்கு ஒருமுறை மீனை முற்றிலும் உலர்ந்த, சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுவது. ஓட்டுக்குள் இருப்பவை பொரிவதற்குள் மீன் அடுத்த தொட்டிக்குப் போய்விடும். நான்கு முறை மாற்றவேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது சிரமம் என்பதால்தான் செம்பைத் தேர்ந்தெடுத்தோம்.

இரையில் பூண்டு கலப்பது, சுத்தம் செய்யும் இறாலை விடுவது எல்லாம் வைத்தியம் ஆகாது. ஒட்டுண்ணி தோலுக்குள் இருக்கும்போது இறால் எதைக் கொத்தும்?

மீனில்லாத தீபாவளி

மீன்கள் வெளியேறிய பெரிய தொட்டி செப்டம்பர் 3ல் காலியானது. ஓட்டுக்குள் இருப்பவை பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் பொரிந்துவிடும். ஆனால் 72 நாள் கழித்துப் பொரிந்தவையும் ஆய்வில் பதிவாகியுள்ளன. அதனால்தான் அனுபவசாலிகள் பலர் 76 நாள் தொட்டியில் மீன் இல்லாமல் விடுகிறார்கள். பவளமும் இறாலும் அங்கேயே இருக்கலாம். இந்த ஒட்டுண்ணி அவற்றைத் தின்று வாழாது.

ஒன்பதாம் நாளே மீன்கள்மேல் ஒரு புள்ளியும் இல்லை. டாங் மறுபடி கடற்பாசியைக் கடிக்கத் தொடங்கிவிட்டது. “புள்ளிதான் போயிருச்சே தம்பி, தீபாவளிக்கு ஆளுங்க வருவாங்க. பெரிய தொட்டியில விட்டுடலாமே?” என்றார் அக்கா. வெறும் தொட்டியைக் கூடத்தில் வைத்துக்கொண்டு விருந்தாளிகளுக்கு விளக்கம் சொல்வது எளிதல்ல. ஆனால் அப்போது விட்டிருந்தால் மணலில் காத்திருந்தவற்றுக்கு அதுதான் தீபாவளி விருந்தாகியிருக்கும்.

அக்கா மகன் தொட்டிக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டி, தினமும் ஒரு கட்டம் அடித்தான். தீபாவளிக்கு வந்த பிள்ளைகளுக்கு நான்கு கட்டங்களையும் படம் போட்டு விளக்கியதும் அவன்தான். இரு தொட்டிகளுக்கும் தனித்தனி வலை, தனித்தனி வாளி. ஒரு சொட்டு ஈரம் போதும், ஒட்டுண்ணி இடம் மாற.

நவம்பர் 18ல் நான்கு மீன்களும் திரும்பின. இன்றுவரை புள்ளி வரவில்லை.

இனி வரும் மீனுக்கு

கடைகளில் பல தொட்டிகளுக்கு ஒரே நீர் சுழல்வது வழக்கம். ஒரு மீனிடம் நோய் இருந்தால் அது எல்லாத் தொட்டிக்கும் போகும். கடைத் தொட்டியில் புள்ளி இல்லை என்பது சான்றிதழ் அல்ல. எனவே புது மீன் எதுவானாலும் நான்கு முதல் ஆறு வாரம் தனித்தொட்டியில் இருக்கட்டும். பவளத்தையும் நத்தையையும் அப்படியே மீனில்லாத தொட்டியில் வையுங்கள். அவற்றுக்கு நோய் வராவிட்டாலும் ஓடு கட்டிய ஒட்டுண்ணி அவற்றின்மேல் ஒட்டி வரலாம்.

புள்ளிகள் உப்புபோல் இல்லாமல் மெல்லிய மாவு அல்லது பொன்தூசுபோல் இருந்தால் அது வெல்வெட் நோயாக இருக்கலாம். அது ஓரிரு நாளிலேயே தொட்டியைக் காலி செய்துவிடக்கூடியது. அன்றே மீன்களை வெளியே எடுத்துவிட வேண்டும்.

தொட்டி வாங்கும்போதே ஒரு சிறு தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சோதனைப் பெட்டி மூன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியின் ஃபில்டர் அறையிலேயே போட்டுவைத்தால் பாக்டீரியா ஊறி எப்போதும் தயாராக இருக்கும். நோய் வந்தபின் அந்த ஸ்பாஞ்சை எடுக்கக்கூடாது. அதிலும் ஒட்டுண்ணி இருக்கும். புது மீன் வாங்கப் போகும் முதல் நாள் எடுத்துச் சிறு தொட்டியில் பொருத்துங்கள்.