தாவீதின் பெயரில் எத்தனை குரல்கள்?

விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் கவனித்திருப்பீர்கள். பல பாடல்களின் தலைப்பில் தாவீது அரசரின் பெயர் இருக்கும். எபிரேய மூலத்தில் 150 பாடல்களில் 73க்கு அந்தப் பெயர் உண்டு. 90ஆவது பாடல் மோசேயின் பெயரில் இருக்கிறது. சாலொமோனுக்கும் இரண்டு உண்டு. இவற்றை அவர்களேதான் எழுதினார்களா?

சிக்கல் ஓர் எழுத்தில் தொடங்குகிறது. பெயருக்கு முன்னால் ஒட்டிவரும் 'லாமெத்' என்ற எபிரேய எழுத்து, நமது 'கு', 'உடைய' என்ற இரண்டு உருபுகளின் வேலையையும் செய்யும். தாவீது பாடியது, தாவீதுக்குரியது, தாவீதுக்காகப் பாடியது என்று எப்படியும் அதை வாசிக்கலாம்.

51ஆவது பாடலையே எடுத்துக்கொள்வோம். பத்சேபாள் விவகாரத்தில் தாவீது மனம் வருந்திப் பாடியது என்கிறது தலைப்பு. ஆனால் பாடலின் முடிவில் எருசலேமின் மதில்களைக் கட்டியெழுப்பும்படி வேண்டுதல் வருகிறது. அந்த மதில்களை பாபிலோனியர் இடித்தது கி.மு. 586 அளவில். தாவீது வாழ்ந்ததோ அதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் முன்பு. நகரை இழந்த யாரோ ஒருவர் தன் துயரத்தையும் அந்தப் பழைய மன்றாட்டோடு சேர்த்துவிட்டார் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

காலம் செல்லச் செல்லப் பெயர்கள் கூடின. பாபிலோனில் சிறையிருந்தவர்களின் புலம்பலான 137ஆவது பாடலுக்கு எபிரேயத்தில் பெயரே இல்லை. கிரேக்க மொழிபெயர்ப்பில் அதுவும் தாவீதுடையதாகிவிட்டது! 1956இல் கும்ரான் குகையொன்றில் கிடைத்த சுருள், தாவீது 4050 பாடல்கள் இயற்றியதாகக் கணக்கு சொல்கிறது. 'சாலொமோனின் சங்கீதங்கள்' என்ற 18 பாடல்களின் தொகுப்பு வேறு இருக்கிறது. கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயி எருசலேமைப் பிடித்த நிகழ்வின் வடு அதில் தெரிகிறது. சாலொமோன் இறந்து எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலான பிறகு!

இதை மோசடி என்று சொல்லிவிடலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாடலுக்குக் கீழே கையொப்பமிடும் வழக்கம் அன்று இல்லை. சவுலுக்கு அஞ்சிக் குகையில் ஒளிந்தபோது, மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடியபோது என்று 13 தலைப்புகள் தாவீதின் வாழ்க்கைச் சம்பவங்களைச் சுட்டுகின்றன. துரத்தப்பட்ட ஓர் அரசனின் வாயில் வைத்துப் பாடினால், பெயரற்ற ஒருவனின் வேண்டுதலும் எல்லோருக்கும் உரியதாகிவிடுகிறது.

யூத ரபிகளும் இதை ஒற்றைக் குரலாகக் கேட்கவில்லை. தாவீது இந்தப் புத்தகத்தைப் பத்து மூதாதையரின் துணையோடு எழுதினார் என்கிறது தல்மூத். அந்தப் பத்துப் பேரில் ஆபிரகாமும் மோசேயும் இருக்கிறார்கள். ஆதாமும்கூட.