முழங்கை வலி: ஊசியா, ஓய்வா, பயிற்சியா?

நாள் முழுதும் பரோட்டா மாவு பிசைபவர், கத்தரிக்கோல் பிடிக்கும் தையற்கலைஞர், சுவருக்கு வண்ணம் பூசுபவர், ஈரத்துணியை முறுக்கிப் பிழியும் இல்லத்தரசி எனப் பலரும் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு ஒரே குறையுடன் வருகின்றனர். முழங்கையின் வெளிப்புறத்தில் வலி. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாலும் சுண்டியிழுக்கிறது. மருத்துவத்தில் இதனை ‘டென்னிஸ் எல்போ’ என்பர். டென்னிஸ் ஆடியவர்களிடம் இது காணப்பட்டதால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பெயர் வந்தது. ஆயினும், இவ்வலியுடன் வருவோரில் பெரும்பாலோர் அவ்விளையாட்டை ஆடியவர்கள் அல்லர்.

வலி எங்கே தோன்றுகிறது?

மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகள், முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் தசைநாணாக இணைகின்றன. ஒரு பொருளை இறுகப் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்கிவிடாமல் காப்பவை இவையே. ஆகவேதான் விரல்கள் பிடிக்கும்போது முழங்கை வலிக்கிறது. ஒரே அசைவு ஓயாது தொடர்ந்தால் தசைநாண் இழைகளில் நுண்ணிய சிதைவு ஏற்படும்; உடல் அதனைச் சீர்செய்வதற்குள் அடுத்த நாள் வேலை தொடங்கிவிடும். 35 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களிடம் இது மிகுதி.

இது சுளுக்கன்று; மூட்டுத் தேய்மானமும் அன்று. கையை வலிந்து இழுப்பதாலும் அழுத்தி நீவுவதாலும் வலி கூடக்கூடும். எலும்பு முனையை அழுத்தியும், மணிக்கட்டை எதிர்விசைக்கு நிமிர்த்தச் செய்தும் இதனை அறிந்துகொள்ளலாம். பெரும்பாலோருக்கு எக்ஸ்ரே தேவைப்படுவதில்லை.

‘ஒரு ஊசி போட்டால் போதாதா?’

எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை நன்கு தணிக்கும். ஆனால், ஓராண்டு கழித்து ஒப்பிட்ட ஆய்வுகளில், ஊசி போட்டுக்கொண்டவர்களின் நிலை போடாதவர்களைவிடப் பின்தங்கியிருந்தது. வலி திரும்புவதும் அவர்களிடமே மிகுதி. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள்கள் சர்க்கரை அளவும் உயரும்.

முழு ஓய்வும் தீர்வன்று. பல வாரங்கள் அசையாத தசைநாண் மேலும் வலுவிழக்கும். அன்றாடக் கூலியை நம்பியவருக்கு அத்தகைய ஓய்வு இயலாததும்கூட. எனவே வேலையை நிறுத்தச் சொல்லாமல், வேலை செய்யும் முறையை மாற்றுமாறு கூறுகிறோம். குடத்தையும் பையையும் உள்ளங்கை மேல்நோக்கியிருக்க, முழங்கையை மடக்கி உடலோடு ஒட்டித் தூக்குங்கள். கருவியின் பிடி மெல்லியதாயின் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். துணியை முறுக்காமல் கொடியில் போட்டு நீர் வடியவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யும் பயிற்சி

முன்கையை மேசைமீது கிடத்தி, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டு விளிம்பைத் தாண்டியிருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மறுகையின் உதவியால் மணிக்கட்டை உயர்த்துங்கள். பிறகு உதவியின்றி, ஐந்து எண்ணும் வரை மெல்ல இறக்குங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை, நாள்தோறும் செய்யுங்கள். சிறு வலி இருந்தால் அஞ்ச வேண்டாம். மறுநாள் வலி கூடினால் எடையைக் குறையுங்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பெரும்பாலோர் ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சையின்றியே குணமடைகின்றனர்.

உடனே வர வேண்டியவை

விரல்களில் மரத்துப்போதல், கையில் பலக்குறைவு, மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சல், விழுந்தபின் கையை நீட்ட இயலாமை ஆகியவை இருந்தால் காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்: இவ்வலியில் வெளியே வீக்கமோ காயமோ தெரிவதில்லை. அதனால் ‘வேலைக்குச் சோம்பல்’ என்ற பேச்சுக்குப் பலர் ஆளாகின்றனர். வலி உண்மையானது. குடத்தைத் தூக்கும் பொறுப்பைச் சில மாதங்கள் வேறொருவர் ஏற்பது, நாங்கள் எழுதித்தரும் மாத்திரையைவிடப் பெரிய உதவியாகும்.